திரும்பி வரும் தொடரும் ரசிகர்களின் கோபமும்: டாக்டர் ஹூ 2005-ஐ வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: 2005-ல் டாக்டர் ஹூ மீண்டும் தொடங்கியபோது பழைய ரசிகர்கள் அதை வரவேற்றார்களா, எதிர்த்தார்களா? இப்போது ஏதாவது ஒரு பழைய அறிவியல் புனைவுத் தொடர் திரும்பி வரும்போது எழும் கூச்சலில் எதைப் பொருட்படுத்துவது, எதை விட்டுவிடுவது?

வரவேற்பு, எதிர்ப்பு இரண்டுமே இருந்தன, ஆனால் வெவ்வேறு வாரங்களில். அதனால்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இதுவரை திரும்பி வந்த தொடர்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நடிகர், உடை, இசை, வேகம் என்று தோற்றம் மாறியதால் வரும் கோபம் பெரும்பாலும் முதல் சீசனுக்குள்ளேயே கரைந்துவிடும். ஏற்கெனவே பார்த்து முடித்த கதையின் பொருளைப் பின்னோக்கிப் போய் மாற்றினாலோ, நேசித்த ஒரு பாத்திரத்தை அவமதித்தாலோ வரும் கோபம் பல வருடங்களானாலும் ஆறாது. ஒரு ரசிகர் எந்த வகைக் கோபத்தில் பேசுகிறார் என்று முதலில் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியின் கதை இது. பிரிட்டனின் பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. வில்லியம் ஹார்ட்னெல் முதல் டாக்டர். அவர் 1966-ல் விலகியபோது பாத்திரம் சாகாமல் உருமாறி வேறு நடிகராவது என்ற வழியைக் கண்டுபிடித்தார்கள். தொடர் இத்தனை காலம் நீடித்ததற்கு அதுவே அடிப்படை. பெரும்பாலும் 25 நிமிட எபிசோடுகள், நான்கு அல்லது ஆறு சேர்ந்தால் ஒரு கதை, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திடுக்கிடும் தொங்கல். 1985-ல் 18 மாத இடைவெளி விட்டார்கள். 1989 டிசம்பர் 6 அன்று, 26-வது சீசனோடு, முறையான அறிவிப்புகூட இல்லாமல் நின்றுபோனது.

அதன்பின் வந்த பதினாறு வருடங்களைப் புரிந்துகொள்ளாமல் 2005-ன் எதிர்வினையைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் காலத்தில் தொடரை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்களே. 1991 முதல் விர்ஜின் பதிப்பகம் புதிய நாவல்களை வெளியிட்டது. எழுதியவர்களில் பலர் ரசிகர்கள். 1999-லிருந்து பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய டாக்டர் நடிகர்களையே வைத்து ஒலி நாடகங்கள் தயாரித்தது. இடையில் 1996-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸுடன் சேர்ந்து பால் மெக்கான் நடித்த ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. பிரிட்டனில் 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், அமெரிக்காவில் எடுபடவில்லை, எனவே தொடராக வளரவில்லை. மெக்கானை ரசிகர்களுக்குப் பிடித்தது. ஆனால் டாக்டர் தாய் வழியில் பாதி மனிதர் என்று அதில் போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்கு எழுந்த சண்டை இன்றுவரை முழுதாக ஓயவில்லை. மேலே சொன்ன இரண்டாம் வகைக் கோபத்துக்கு இதைவிடச் சிறிய, துல்லியமான உதாரணம் கிடைக்காது.

2003 செப்டம்பர் 26 அன்று தொடர் திரும்புகிறது, ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுகிறார் என்று பிபிசி அறிவித்தது. அதே சமயத்தில் ரிச்சர்ட் ஈ. கிராண்ட் குரல் கொடுத்த ஒரு இணைய அனிமேஷன் கதையை, ‘அதிகாரப்பூர்வ ஒன்பதாவது டாக்டர்’ என்று சொல்லி, பிபிசியின் இன்னொரு பிரிவு தயாரித்துக்கொண்டிருந்தது. அது நவம்பரில் வெளிவருவதற்குள்ளாகவே செல்லாக்காசாகிவிட்டது. ரசிகர்களின் முதல் அச்சம் இங்கே பிறந்தது: நாவல்கள், ஒலி நாடகங்கள், அனிமேஷன் என்று நாங்கள் காசும் காலமும் கொடுத்துக் காப்பாற்றியதெல்லாம் இனி கணக்கில் வராதா? இதை அற்பமான அச்சம் என்று தள்ளிவிடக் கூடாது. யாரும் கவனிக்காத காலத்தில் காவல் காத்தவர்களுக்கு இப்படிக் கேட்கும் உரிமை உண்டு.

அடுத்த அச்சம் நடிகர்கள் பற்றியது. 2004 மார்ச்சில் கிறிஸ்டோஃபர் எக்கிள்ஸ்டன் பெயர் வந்தபோது வரவேற்பே அதிகம். கனமான நாடகங்களில் பேரெடுத்தவர். மே மாதம் பில்லி பைப்பர் பெயர் வந்ததும் நிலைமை மாறியது. பதின்வயதில் பாப் பாடகியாக இருந்தவரை அழைத்து வந்து தொடரை மலினப்படுத்துகிறார்கள் என்று பேச்சு. பிறகு வெளியான படங்களில் எக்கிள்ஸ்டன் கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் ஒட்ட வெட்டிய முடியுமாக இருந்தார். நீளமான கோட்டும் கழுத்துத் துணியும் எங்கே என்று கேட்டார்கள். ஜூலையில், டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக் என்ற கவச உயிரினங்களின் உரிமை தொடர்பாக, அவற்றை உருவாக்கிய எழுத்தாளர் டெர்ரி நேஷனின் வாரிசுதாரர் தரப்புடன் பேச்சு முறிந்தது, டாலெக் இல்லாமலே தொடர் வரும் என்ற செய்தி பரவியது. ஆகஸ்டில்தான் உடன்பாடு வந்தது. ஒளிபரப்புக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு முதல் எபிசோடே இணையத்தில் கசிந்தது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இந்த மாதிரி கசிவுகளை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து. பொறுமையில்லாமல் தேடிப்போய்ப் பார்க்கிறவர்களின் கருத்து, சனிக்கிழமை மாலை குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்தின் கருத்தாக இருக்க வழியில்லை.

2005 மார்ச் 26, மாலை 7 மணி. ‘ரோஸ்’ ஒளிபரப்பானது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய ரசிகர்களை எப்படிக் கையாளுவது என்பதற்கு அந்த 45 நிமிடம் ஒரு பாடம். கதை டாக்டரிடம் தொடங்கவில்லை. அலாரம் அடித்து எழும் கடைப் பணிப்பெண் ரோஸிடம் (பில்லி பைப்பர்) தொடங்குகிறது. டாக்டர் யாரென்று அவளுக்கும் தெரியாது, புதிய பார்வையாளருக்கும் தெரியாது. வில்லன்களோ 1970-ல் முதன்முதலாக வந்த ஆட்டான்கள், அதாவது உயிர்பெற்று நடக்கும் கடைப் பொம்மைகள். 1970-ல் அவை கடை ஜன்னலை உடைத்து வெளியே வரும் காட்சியில் கண்ணாடி உடையும் சத்தம் மட்டும் கேட்கும், உடைவதைக் காட்டவில்லை. 35 வருடம் கழித்துப் பொம்மைகள் கண்ணாடியைச் சிதறடித்துக்கொண்டு தெருவில் இறங்குகின்றன. புதியவருக்கு அது ஒரு நல்ல சண்டைக் காட்சி, அவ்வளவே. பழையவருக்கு அது ஒரு கடன் தீர்க்கப்பட்ட மாதிரி. ஒரே காட்சி இரண்டு பேருக்கும் வேலை செய்தது. யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

குறைகளும் இருந்தன, அவற்றை ரசிகர்கள் சரியாகவே பிடித்தார்கள். பிளாஸ்டிக்கை அழிக்கும் திரவம் ஒரு குப்பி டாக்டரின் சட்டைப்பையில் தயாராக இருக்கிறது, கதை அதில் முடிகிறது. நூறு நிமிடத்தில் மெல்ல விரிந்த கதைகளுக்குப் பழகியவர்களுக்கு அது அவசர முடிவு. குப்பைத்தொட்டி ஒருவனை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும் காட்சி பலருக்கு எரிச்சல் மூட்டியது. மர்ரே கோல்டின் இசை வசனத்தை மூழ்கடிக்கிறது என்ற புகார் அன்று தொடங்கிப் பல வருடம் நீடித்தது. ரோஸின் அம்மா, காதலன், குடியிருப்பு என்று குடும்பக் காட்சிகள் வருவதால் இது மெகா சீரியல் ஆகிவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. இந்தக் கடைசி விமர்சனம் தவறு என்பது என் கருத்து. தொடரை மூத்த ரசிகர்களின் அலமாரியிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு மறுபடி கொண்டுவந்தது அந்தக் குடும்பம்தான்.

நான்காவது நாளே, மார்ச் 30 அன்று, எக்கிள்ஸ்டன் ஒரு சீசனோடு விலகுகிறார் என்ற செய்தி வந்தது. இரண்டாவது சீசனுக்கு அனுமதி கிடைத்த நல்ல செய்தி அதில் அமுங்கிப்போனது. அவர் சொல்லாததை அவர் பெயரில் வெளியிட்டதற்காக ஏப்ரல் 4 அன்று பிபிசி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களை இன்று எடுத்துப் படிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எபிசோடு பற்றிய ஏமாற்றமும் நடிகர் போகிறார் என்ற வருத்தமும் அவற்றில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஒரு கருத்தைப் படிக்கும்போது அதன் தேதியை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி எண்கள். 2005-ல் பிரிட்டனில் சுமார் 5000 வீடுகளைக் கொண்ட மாதிரியை வைத்து பார்ப் அமைப்பு பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிட்டது. மறுநாள் காலையில் வருவது முதல் கணக்கு. பதிவு செய்து பின்னால் பார்த்தவர்களையும் சேர்த்து ஒரு வாரத்துக்குப் பிறகு வருவது இறுதிக் கணக்கு. ‘ரோஸ்’ முதல் கணக்கில் 99 லட்சம், இறுதியில் 1 கோடியே 8 லட்சம். நல்லதென்றும் கெட்டதென்றும் சண்டை போடுகிறவர்கள் தங்களுக்குச் சாதகமான கணக்கை எடுத்துக்கொண்டு இன்னொன்றை மறைப்பார்கள். ஒரு எபிசோடின் முதல் கணக்கை இன்னொன்றின் இறுதிக் கணக்கோடு ஒப்பிடுவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது அளவுகோல் ரசனைக் குறியீடு. பார்த்தவர்கள் பத்துக்கு எத்தனை தந்தார்கள் என்பதை நூற்றுக்கு மாற்றிய சராசரி. ‘ரோஸ்’ பெற்றது 76. ஜூன் 18 அன்று வந்த கடைசி எபிசோடு 89. அதே கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் 69 லட்சம்தான். பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தொடர் சரிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விலகினார்கள், பிரிட்டனில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலைகளில் பலர் வெளியே போனார்கள், தங்கியவர்களின் பிடிப்போ வாராவாரம் இறுகியது. திரும்பி வந்த ஒரு தொடர் வேர் பிடித்துவிட்டதா என்று அறிய இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையும் ரசனையும் சேர்ந்து இறங்கினால் கவலைப்படலாம்.

பிடிப்பு இறுகியது எங்கே என்றால், பெரும்பாலான ரசிகர்கள் ஆறாவது எபிசோடைக் காட்டுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் வாயு பிரிக்கும் வேற்றுக்கிரகவாசிகளான ஸ்லிதீன் வந்த கதை; மூத்த ரசிகர்கள் மிகவும் நொந்துபோன கதை அது. ஏப்ரல் 30 அன்று ‘டாலெக்’ வந்தது. எழுதியவர் ராபர்ட் ஷியர்மன், பிக் ஃபினிஷுக்குத் தான் எழுதிய ஒலி நாடகம் ஒன்றின் கருவை எடுத்துப் புதுக்கியிருந்தார். டாலெக்கைப் பற்றிப் பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகக் கிண்டல் உண்டு: கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் கைதான் அதன் ஆயுதம், படிக்கட்டு வந்தால் கதை முடிந்தது. ஷியர்மன் ஒவ்வொரு கிண்டலுக்கும் பதில் எழுதினார். அந்த ரப்பர் கையைக் காட்டி ஏளனம் செய்பவனின் முகத்தில் அது ஒட்டி உறிஞ்சிக் கொல்கிறது. படிக்கட்டில் ஏறிக்கொண்டவர்கள் தப்பித்தோம் என்று நிற்கும்போது அது அந்தரத்தில் எழும்பி மேலே வருகிறது. 1988-லேயே ஒரு டாலெக் படியேறிவிட்டது என்பது ரசிகர்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தாங்கள் இத்தனை காலம் விழாக்களிலும் வீட்டிலும் வாதாடிக்கொண்டிருந்ததை ஊரே பார்க்க நிரூபித்துக் காட்டியதுபோல் அவர்களுக்கு இருந்தது. அதற்குப் பிறகு கோபத்தின் தொனியே மாறியது. இருக்கலாமா கூடாதா என்ற பேச்சு நின்று, எது நல்ல கதை, எது மோசமான கதை என்ற வழக்கமான சண்டைக்கு வந்தார்கள். பல எபிசோடுகளில் ஒளித்து வைக்கப்பட்ட ‘பேட் வுல்ஃப்’ என்ற சொற்களைத் தேடுவது தனி விளையாட்டானது. கார்டிஃப் கதையில் அது வெல்ஷ் மொழியில் ஒரு அணுமின் நிலையத்தின் பெயராகவே வந்தது.

டேவிஸ் இன்னொன்றைச் சரியாகச் செய்தார். திரும்பி வரும் எந்தத் தொடரும் கற்றுக்கொள்ள வேண்டியது இது. பழைய வரலாற்றை ஒரே வாரத்தில் கொட்டவில்லை, தவணை முறையில் கொடுத்தார். முதல் எபிசோடில் ஆட்டான்கள், அதற்குமேல் எந்த வரலாறும் கிடையாது. இரண்டாவதில் டாக்டரின் இனப்பெயரான ‘டைம் லார்டு’ என்ற சொல், கூடவே அந்த இனமே போரில் அழிந்துவிட்டது என்ற செய்தி. ஆறாவதில் டாலெக். 2006 ஏப்ரல் 29 அன்று எழுபதுகளின் தோழி சாரா ஜேன், அதே நடிகை எலிசபெத் ஸ்லேடனோடு. டாக்டரின் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயின் பெயரை 2006 கிறிஸ்துமஸ் எபிசோடில்தான் முதன்முறையாக உச்சரித்தார்கள். பெயரைக்கூடச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று அதற்குள் சிலர் கொதித்தார்கள். ஆனால் புதியவர்கள் திணறாததற்கு இந்த நிதானமே காரணம். சாரா ஜேன் வந்த அன்று, இது பழைய தொடரின் தொடர்ச்சியா தனிக் கதையா என்ற வாதமும் அநேகமாக முடிந்தது.

அந்தப் போர் பற்றியும் ஒரு வார்த்தை. காலிஃப்ரேயை அழித்தது மேலோட்டமாகப் பார்த்தால் பழைய கதையில் கைவைப்பது போலிருக்கும். ஆனால் அது ஏற்கெனவே காட்டிய எதையும் பொய்யாக்கவில்லை. பார்க்காத இடைவெளியில் நடந்த ஒன்றாக வைத்தது. முன்னால் நடந்ததை ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று சொல்வதற்கும் ‘அதற்குப் பிறகு இப்படி நடந்தது’ என்று சொல்வதற்கும் ரசிகரின் மனதில் மலையளவு வித்தியாசம். முத்தமும் அப்படியே. 1996 படத்தில் டாக்டர் முத்தமிட்டபோது பெரிய ரகளை. 2005 சீசனின் இறுதியில் ரோஸைக் காப்பாற்ற முத்தமிட்டபோது அந்த அளவுக்கு எழவில்லை, ஏனென்றால் பன்னிரண்டு வாரம் அந்த உறவைக் கட்டியிருந்தார்கள்.

ரசிகர்களின் உழைப்பு கணக்கில் வருமா என்ற முதல் அச்சத்துக்கும் பதில் கிடைத்தது. டேவிஸ், மொஃபட், கேட்டிஸ், ஷியர்மன், கார்னெல் என்று முதல் சீசனை எழுதிய அனைவருமே ரசிகர்கள். பால் கார்னெல் 1995-ல் எழுதிய நாவல் 2007-ல் இரண்டு எபிசோடுகளானது. 2013 நவம்பரில் பால் மெக்கான் ஏழு நிமிடக் குறும்படத்தில் திரும்பி வந்து, தன் ஒலி நாடகத் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு உருமாறினார். பிபிசிக்கு அந்தப் பெயர்களால் எந்த லாபமும் இல்லை; காத்திருந்தவர்களுக்கு அது போதும். அன்று சந்தேகப்பட்ட பில்லி பைப்பரை இன்று எந்த ரசிகரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இதே அளவுகோல் மற்ற தொடர்களுக்கும் பொருந்துகிறது. 1978-ன் பேட்டில்ஸ்டார் காலக்டிகாவை 2003-ல் ரொனால்டு டி. மூர் புதுக்கியபோது, டர்க் பெனடிக்ட் நடித்த ஸ்டார்பக் பாத்திரம் பெண்ணாகி கேட்டி சாக்கோஃப் நடித்தார். பெனடிக்டே எதிர்த்துக் கட்டுரை எழுதினார். பழைய தொடரில் அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், அசல் கதையைத் தொடர வேண்டும் என்று சொந்த முயற்சியில் ட்ரெய்லர்வரை எடுத்தவர், கடுமையாக எதிர்த்தார். பிறகு அவரே புதிய தொடரில் டாம் ஸாரெக் என்ற முக்கியப் பாத்திரத்தில் வந்தார். ஸ்டார்பக் பெண் என்ற கோபம் சில எபிசோடுகளில் தேய்ந்துபோனது. புதிய தொடர் முதலிலிருந்தே தனிக் கதை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

எதிர்மறை உதாரணம் தி எக்ஸ்-ஃபைல்ஸ். 2016-ல் ஆறு எபிசோடுகள், 2018-ல் பத்து. பழைய நடிகர்கள், பழைய இசை, பழைய படைப்பாளி. தோற்றத்தில் ரசிகர் கேட்ட எல்லாமே இருந்தன. ஆனால் 2018-ன் முதல் எபிசோடில், நாயகி ஸ்கல்லியின் மகன் அவளுக்கே தெரியாமல் வில்லனான சிகரெட் மனிதனின் பரிசோதனையால் உண்டானவன் என்று பழைய கதையைத் திருப்பி எழுதினார்கள். அவள் சம்மதத்தையும் தாய்மையையும் ஒரு திருப்பத்துக்காகச் செலவழித்தார்கள் என்ற கோபம் நியாயமானது, அது தணியவும் இல்லை.

டாக்டர் ஹூவிலும் பின்னால் இதே பிரிவினை தெரிந்தது. 2017 ஜூலையில் ஜோடி விட்டேகர் முதல் பெண் டாக்டராக அறிவிக்கப்பட்டபோது சத்தம் பெரிது. 2018 அக்டோபரில் அவருடைய முதல் எபிசோடை 1 கோடியே 9 லட்சம் பேர் பார்த்தார்கள். 2020 மார்ச் 1 அன்று, டாக்டர் காலிஃப்ரேயில் பிறந்தவரே இல்லை, ஹார்ட்னெலுக்கு முன்பே பல பிறவிகள் உண்டு என்று சொன்ன எபிசோடுதான் ஆழமான பிளவை உண்டாக்கியது. அதற்கு 1976-லேயே குறிப்பு இருக்கிறது என்று ஆதரவாளர்கள் ஒரு பழைய காட்சியைக் காட்டுகிறார்கள். அது உண்மைதான், ஆனாலும் காயம்பட்டவர்களை அந்த வாதம் சமாதானப்படுத்தவில்லை.

ஆகவே, ஒரு தொடர் திரும்பி வரும்போது நான் பரிந்துரைப்பது: நடிகர் அறிவிப்பு, போஸ்டர், ட்ரெய்லர் காலக் கருத்துகளைத் தொடரின் தரத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். முதல் எபிசோடு விமர்சனங்களில் ‘வேகம், இசை, நகைச்சுவை’ பற்றியவற்றைக் குறித்து வைத்து, ஐந்தாறு எபிசோடு கழித்து அதே ஆட்கள் அதையே சொல்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ‘இது முன்பு நடந்ததைப் பொய்யாக்குகிறது’ என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே காது கொடுங்கள்.

2005-ஐ நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், 1970-ன் நான்கு பாக ஆட்டான் கதையை முதலில் பார்த்துவிட்டு ‘ரோஸ்’ தொடங்குங்கள். கண்ணாடி உடையும் காட்சியின் மதிப்பு அப்போதுதான் தெரியும். அதன்பின் வரிசையாகப் போங்கள். நான்கும் ஐந்தும் ஸ்லிதீன் கதைதான், பொறுமையைச் சோதிக்கும். இருந்தாலும் தாண்ட வேண்டாம். அதில் சாதாரண எம்.பி.யாக வரும் ஹாரியட் ஜோன்ஸ், எக்கிள்ஸ்டனுக்கு அடுத்த டாக்டரான டேவிட் டென்னன்டின் முதல் கிறிஸ்துமஸ் கதையில் பிரதமராக வந்து எடுக்கும் முடிவு, அவரை முன்பே அறிந்தவர்களுக்குத்தான் வலிக்கும்.